வியாழன் பக்கத்துல நான் பாத்தது 12பி வால்மீன்தானா? சுங்கை சிப்புட், 10×50 பைனாகுலர்

செம்பனை_மேல_வானம் | 16 ஏப்ரல் 2024, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டத்துல இருக்கேன், டெலஸ்கோப் எல்லாம் இல்ல, போன வருஷம் செகண்ட் ஹேண்டுல வாங்குன 10×50 பைனாகுலர் ஒன்னுதான் இருக்கு. ஒரு வாரமா 12பி போன்ஸ்-புரூக்ஸ் வால்மீன தேடிக்கிட்டு இருக்கேன்.

10ஆம் தேதி ஹரி ராயா அன்னைக்கு மெல்லிசா பிறை தெரிஞ்சது, வியாழன் அதுக்கு மேல இருந்துச்சு, ஆனா கம்போங் பக்கம் விட்ட பட்டாசுப் புகை மேக்க அப்படியே தேங்கி நின்னுருச்சு. 12ஆம் தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்கு புடிச்ச மழை ஒம்பது மணி வரைக்கும் விடல. 14ஆம் தேதி சித்திரை வருஷப் பிறப்பு, கோயில்ல இருந்து வந்து வேட்டியோடயே தோட்டத்து பாடாங்குக்கு, அதான் மைதானத்துக்கு, ஓடுனேன், 8.05க்கு மேகம் ஒரு பத்து நிமிஷம் விலகுச்சு. அப்ப வியாழனுக்கு வலது பக்கம் மேல, ஒரு மூணு டிகிரி தள்ளி, வட்டமா மங்கலா வெள்ளையா ஒரு பூச்சு மாதிரி தெரிஞ்சது. வால் இல்ல. வியாழன பைனாகுலர்ல தெரியுற வட்டத்தோட இடது கீழ் ஓரத்துல வெச்சிருந்தேன், அப்பதான் செம்பனை ஓலை மறைக்காம இருந்துச்சு. நேத்தும் இன்னைக்கும் முழுக்க மேகம், ஒன்னுமே இல்ல.

இது வால்மீன்தானான்னு எனக்கு உறுதியா தெரியணும், அதுக்கு ஒரு காரணம் இருக்கு. இந்த வால்மீன் சூரியன ஒரு சுத்து சுத்த 71 வருஷம் கிட்ட ஆகுது, போன தடவை சூரியன் பக்கத்துல வந்தது 1954 மே மாசம். எங்க பாட்டி பொறந்ததும் 1954, இதே தோட்டத்து லயத்துல. வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுங்களுக்கு எதிரா போட்ட மலாயா அவசரகாலம் 1948ல ஆரம்பிச்சதே நம்ம சிப்புட்லதான், பாட்டி கைக்கொழந்தையா இருந்தப்ப லயத்த சுத்தி முள்வேலி, பொழுது சாஞ்சா யாரும் வெளிய வரக்கூடாது. அப்ப வந்துட்டுப் போன வால் நட்சத்திரம் இப்ப திரும்பி வந்திருக்குன்னு பாட்டிகிட்ட சொன்னதுல இருந்து தினமும் ராத்திரி சோறு போடும்போது கண்டியா கண்டியான்னு கேக்குறாங்க. பாக்காத ஒன்ன பாத்தேன்னு அவங்ககிட்ட சொல்ல எனக்கு மனசு வரல.

நான் பாத்தது அதானா? நெலாவும் வளந்துக்கிட்டே வருது, 23ஆம் தேதி சித்ரா பௌர்ணமி, இனிமே தேடி பிரயோஜனம் இருக்கா இல்லையா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

கிந்தா_ஸ்கோப் | 17 ஏப்ரல் 2024, காலை 7.12

தம்பி, தேதி, நேரம், எந்தப் பக்கம், எவ்வளவு தூரம்னு எல்லாத்தையும் எழுதியிருக்கீங்க, அதனாலதான் என்னால பதில் சொல்ல முடியுது. ஆனா பதில் உங்களுக்குப் புடிக்காது. நீங்க பாத்தது வால்மீன் இல்ல.

14ஆம் தேதி ராத்திரி நம்ம ஊர்ல இருந்து பாக்கும்போது 12பி வியாழனுக்கு இடது பக்கம் கீழ இருந்துச்சு, மூணு டிகிரி. நீங்க சொல்றது வலது பக்கம் மேல. தூரம் சரியா இருக்கு, பக்கம் நேர் எதிர். வியாழன வட்டத்தோட இடது கீழ் ஓரத்துல வெச்சிருந்தேன்னு ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, வெடை அதுலயே இருக்கு. ரொம்ப பிரகாசமான ஒன்னு வட்டத்துக்குள்ள இருந்தா அதோட வெளிச்சம் உள்ள இருக்குற கண்ணாடிகள்ல பட்டுத் திரும்பி, நடுப்புள்ளிக்கு அந்தப் பக்கம் மங்கலா ஒரு பிம்பம் விழும். அது அச்சு அசலா வால்மீன் மாதிரியே இருக்கும், நானும் இதுல ஏமாந்திருக்கேன். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. பைனாகுலர மெதுவா கொஞ்சம் அசைங்க. வால்மீனா இருந்தா வியாழனோட சேர்ந்து ஒரே பக்கம் நகரும், பிம்பமா இருந்தா வியாழன் இடது பக்கம் போனா அது வலது பக்கம் ஓடும்.

இதுக்காக மனசு ஒடஞ்சு போயிராதீங்க. பிரான்ஸ்ல சார்ல்ஸ் மெஸ்ஸியேன்னு ஒரு வானியல்காரர், அவரே வால்மீன் தேடும்போது வால்மீன் மாதிரியே ஏமாத்துற, நட்சத்திரங்களுக்கு நடுவுல இருக்குற மங்கலான மேகங்கள்ல மாட்டிக்கிட்டுதான், இனிமே யாரும் ஏமாறக்கூடாதுன்னு ஒரு பட்டியல் போட்டாரு, 1781ல அதுல 103 இருந்துச்சு. இந்த வால்மீன 1812ல மொதல்ல பாத்த போன்ஸ் மார்செய் வானாய்வகத்துல வாசல் காவலாளா வேலைக்குச் சேந்தவரு, அங்கேயே பாத்துப் பாத்து கத்துக்கிட்டு வாழ்நாள்ல 37 வால்மீன் கண்டுபிடிச்சாரு. 1883ல புரூக்ஸ் திரும்ப பாத்தாரு, அதான் ரெண்டு பேரும் பேர்ல இருக்காங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். இன்னைக்கு ராத்திரி அது வியாழனுக்கு நேர் இடது பக்கம், நாலரை டிகிரி கிட்ட. கைய நீட்டி மூணு விரல சேத்து வெச்சா வர்ற அகலம். உங்க பைனாகுலர்ல ஆறரை டிகிரி தெரியும்னு வெச்சுக்கிட்டா, வியாழன வலது ஓரத்துக்குத் தள்ளி வட்டத்த விட்டு முழுசா வெளிய அனுப்பிடுங்க, பிம்பமும் போயிரும், வால்மீன் வட்டத்துக்கு உள்ள நிக்கும். ஸ்டெல்லேரியம்னு வானம் காட்டுற ஆப் பாக்குறீங்கன்னா வால்மீன் தரவ புதுசா எறக்கிக்கிட்டு பாருங்க, பழசா இருந்தா எடம் தள்ளிக் காட்டும்.

அப்புறம் மேக்னிட்யூட், அதாவது பிரகாச அளவு, 4.5னு போட்டிருக்கானே வெறுங்கண்ணுக்கே தெரியணுமேன்னு நெனைக்காதீங்க. நட்சத்திரம்னா அந்த வெளிச்சம் ஒரு புள்ளியில இருக்கும், வால்மீன்ல அதே வெளிச்சம் ஒரு வட்டம் பூரா பரவிக் கெடக்கும், ஒரு ஸ்பூன் மைலோவ ஒரு கப்புல கலக்குறதுக்கும் ஒரு வாளியில கலக்குறதுக்கும் உள்ள வித்தியாசம். அதோட 10 டிகிரி உயரத்துல பாக்குறோம்னா தலைக்கு மேல இருக்குற காத்த மாதிரி அஞ்சரை மடங்கு காத்த தாண்டி அது வரணும், அதுலயே ஒரு மேக்னிட்யூட்டுக்கு மேல போயிருது, நம்ம ஊரு ஈரப்பதம் வேற.

பைனாகுலர கையில புடிச்சா ஆடும். மாப்பு கம்பு ஒன்னு எடுத்து அதோட தலையில பைனாகுலர கட்டி, கம்போட அடிய தரையில ஊனி, நாற்காலியில உக்காந்து பாருங்க. நான் வருஷக்கணக்கா அப்படித்தான் பாத்தேன், ட்ரைபாடுக்கு காசு சேரும் வரைக்கும்.

---

ராத்திரி_டூட்டி | 17 ஏப்ரல் 2024, பிற்பகல் 2.35

கிந்தா அண்ணன் சொன்னதுக்கு மேல வானியல் சொல்ல எனக்குத் தெரியாது, ஆனா மேகத்தப் பத்தி நான் சொல்லலாம், ஏன்னா நான் 15ஆம் தேதி மேகத்துக்கு நடுவுலதான் அத பாத்தேன். நான் ஊத்தான் மெலிந்தாங், நைட் ஷிப்ட் ஒம்பது மணிக்குதான் ஆரம்பிக்கும், அதனால எட்டு மணிக்கு பாகான் டத்தோ கடலோரம் போயிட்டு அப்படியே வேலைக்குப் போற வழக்கம். அன்னைக்கு அரை நெலா கிட்டத்தட்ட தலைக்கு மேல. மேக்க கடல் மேல ரெண்டு அடுக்கு மேகம், கீழ் அடுக்கு வேகமா போகுது, மேல் அடுக்கு சல்லடைத் துணி மாதிரி. கூட வந்த தங்கச்சி வா போலாம் லா ஒன்னும் தெரியாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா.

நம்ம ஊர்ல ஏப்ரல்ல சாயங்கால மழை இருக்கத்தான் இருக்கும், காத்து திசை மாறுற மாசம். ஆனா மழைக்குப் பின்னாடி வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும், தூசி புகை எல்லாம் எறங்கிரும், அந்த ஓட்டையில தெரியுறது வெயில் காஞ்ச நாள்ல கூடத் தெரியாது. அதனால மழை பேஞ்சா வீட்லயே உக்காந்துறாதீங்க. மேகம் மூடியிருக்கும்போதே பைனாகுலர சரியான எடத்துல வெச்சிருங்க, ஓட்டை வந்த பெறகு தேட ஆரம்பிச்சா அது மூடிரும். எனக்கு கெடச்சது மொத்தமே மூணு நிமிஷம்.

பாத்தப்ப எப்படி இருந்துச்சுன்னா, நேரா பாத்தா ஒன்னுமே இல்ல. கண்ண கொஞ்சம் ஓரமா, வட்டத்தோட விளிம்புப் பக்கம் திருப்புனதும் கண்ணாடியில வாய் வெச்சு ஊதுனா படியுமே அந்த மாதிரி ஒரு சின்ன ஆவி, நடுவுல மட்டும் கொஞ்சம் கெட்டியா. திரும்ப நேரா பாத்தேன், போயிருச்சு. ஓரமா பாத்தேன், வந்துருச்சு. மங்கலான வெளிச்சத்தப் புடிக்கிற செல்லுங்க நம்ம விழித்திரைக்கு நடுவுல இல்ல, ஓரத்துலதான் நெறைய இருக்கு, நர்சிங் படிக்கும்போது பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணுனது அன்னைக்குதான் எனக்கே கண்ணால புரிஞ்சது. விரலால பைனாகுலர லேசா தட்டிப் பாருங்க, அசையுறத கண்ணு சீக்கிரம் புடிக்கும்.

நெலாவுக்கு ஒரு யோசனை, ஏதாவது சுவரு நெழல்ல நின்னுக்கோங்க. நெலா கெழக்கப் பக்கம் ஏற ஏற வால்மீன் மேக்கதான் இருக்கு, முதுகுக்குப் பின்னாடி பழைய ஆயாக் கொட்டகை சுவரு ஏதாவது இருந்தா கண்ணுல நேரா வெளிச்சம் படாது. டார்ச் லைட்டுக்கு பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில குடுக்குற செவப்பு பிளாஸ்டிக் பைய ரெண்டு மடிப்பா கட்டிக்கோங்க.

---

பழைய_பெரட்டு | 19 ஏப்ரல் 2024, காலை 5.50

தம்பி பாட்டியப் பத்தி எழுதுனத படிச்சேன். எனக்கு இப்ப 69. கோல சிலாங்கூர் பக்கம் ரப்பர் தோட்டத்துல வளந்தவன்.

1965ல எனக்கு பத்து வயசு. அம்மா பால் வெட்டுக்குப் போற நேரம், பெரட்டுக் களத்துல பேர் கூப்புட்டு முடிஞ்சு தலையில வெளக்க கட்டிக்கிட்டு ஆளுங்க நெரைக்கு எறங்குற நேரம், அப்ப கெழக்க, விடியலுக்கு முன்னாடி, ஈக்கு வெளக்கமாற சாச்சு வெச்ச மாதிரி வெள்ளையா நீளமா நின்னுச்சு. இக்கேயா-செக்கி வால்மீன். அந்தப் பேரு எனக்கு ரொம்ப வருஷம் கழிச்சுதான் தெரியும், ரெண்டு ஜப்பான்காரங்க கண்டுபிடிச்சது. எங்க மேஸ்திரி மண்டோரு, நாட்டுக்கு ஏதோ ஆகப் போகுதுன்னாரு, அம்மா மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுட்டு காண்டா வாளிய தூக்கிக்கிட்டு நடந்தாங்க. நாள்பூரா வெயில்ல கெடக்குற சனம், ஆனா இருட்டுல எழுந்ததால அவ்வளவு பெரிய காட்சிய பாக்கக் கெடச்சது.

அப்புறம் 1986 ஏப்ரல்ல ஹேலி வந்தப்ப அந்த மாதிரியே இருக்கும்னு மூணு பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டுப் போனேன். தெக்க உயரத்துல பஞ்சு உருண்டை மாதிரி ஒன்னு. பெரியவன் இதுக்கா எழுப்புனீங்கன்னு கேட்டான். சின்னவ மட்டும் ஒன்னும் பேசாம ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னா, இப்பவும் வால்மீன்னு சேதி வந்தா எனக்கு மொதல்ல போன் பண்றது அவதான்.

12பிய சாத்தான் வால்மீன்னு டிக்டாக்ல போட்டு பயமுறுத்துறாங்க, பாட்டி காதுக்கு அது போயிருந்தா சொல்லுங்க, போன வருஷம் ஜூலையில அதுக்குள்ள இருந்து பனியும் தூசியும் வெடிச்சு வெளிய வந்தப்ப படத்துல ரெண்டு கொம்பு மாதிரி தெரிஞ்சது, அவ்வளவுதான். பூமிக்கு ரொம்ப பக்கத்துல வர்றது ஜூன் 2, அப்பவும் சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரத்துல ஒன்றரை மடங்கு தள்ளிதான் போகுது.

---

செம்பனை_மேல_வானம் | 21 ஏப்ரல் 2024, இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. 17ஆம் தேதி கிந்தா அண்ணன் சொன்ன மாதிரி பண்ணிப் பாத்தேன், வியாழன அசைச்சா அந்தப் பூச்சு எதிர்ப் பக்கம் ஓடுது. பிம்பம்தான். பாட்டிகிட்டயும் சொல்லிட்டேன், இன்னும் பாக்கலன்னு. ஐயா சொன்ன கொம்பு கதையையும் சொன்னேன், அப்படியான்னு கேட்டுக்கிட்டாங்க.

18, 19 மழை. நேத்தும் இன்னைக்கும் மேக்க புபு மலைப் பக்கம் வானம் தொறந்துதான் இருந்துச்சு, ஆனா நெலா அவ்வளவு வெளிச்சம், மேல மெல்லிசா பரவியிருந்த மேகம் பூரா அந்த வெளிச்சத்துல பால் மாதிரி ஆயிருச்சு, மங்கலான நட்சத்திரமே வட்டத்துக்குள்ள ஒன்னும் தெரியல. சுவரு நெழல்ல நின்னதுல கண்ணு கூசல, அது நல்ல யோசனை அக்கா, ஆனா வானமே வெளுத்துப் போச்சுன்னா என்ன பண்றது.

---

கிந்தா_ஸ்கோப் | 22 ஏப்ரல் 2024, காலை 7.05

விட்டுறாதீங்க தம்பி, நாலு நாள் பொறுங்க. பௌர்ணமி வரைக்கும் நெலா சாயங்காலமே மேல நிக்கும், பௌர்ணமி தாண்டிட்டா தினமும் முக்கால் மணி நேரம் கிட்ட லேட்டாதான் ஏறும். 26ஆம் தேதி வெள்ளிக்கெழம ராத்திரி ஒம்பது மணிக்கு மேலதான் நெலா வரும், வால்மீன் எட்டே முக்காலுக்கே எறங்கிரும். நடுவுல எட்டுல இருந்து எட்டரை வரைக்கும் நெலா இல்லாத வானம். நம்ம ஊர்ல சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தா எறங்குறதால இருட்டும் சீக்கிரம் வந்துரும், குளிர் நாட்டுக்காரங்களுக்கு இப்ப அந்த வசதி இல்ல.

26ஆம் தேதிக்கு எடம் சொல்றேன். மேக்க கீழ வியாழன். வலது பக்கம் மேல ஆறுமீன் கூட்டம், நம்ம கார்த்திகை. அதே உயரத்துல அப்படியே இடது பக்கம் வாங்க, வியாழன தாண்டி, கைய நீட்டி முட்டி மடக்கி ஒரு முட்டியும் இன்னும் கொஞ்சமும். அங்க தேடுங்க.

ரெண்டு விஷயம் கண்டிப்பா பண்ணுங்க. ஒன்னு, தெரிஞ்சத சுத்தி இருக்குற நட்சத்திரத்தோட பேப்பர்ல வரைஞ்சு வைங்க, மறுநாள் திரும்ப அதே எடத்துல வரைங்க. நட்சத்திரம் நகராது, வால்மீன் ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல நகருது இப்ப, ரெண்டு நெலா அகலம். நகந்திருந்தா அது வால்மீன், இல்லன்னா இல்ல, யாரையும் கேக்க வேண்டாம். ரெண்டாவது, வேற ஒருத்தர பாக்கச் சொன்னா எடத்த சொல்லாதீங்க, அவங்களையே சொல்லச் சொல்லுங்க. ஆசை இருக்கே, அது இல்லாதத இருக்குற மாதிரி காட்டும்.

---

செம்பனை_மேல_வானம் | 27 ஏப்ரல் 2024, இரவு 11.15

பாத்துட்டேன்.

நேத்து 26, நாலு மணிக்கு நல்ல மழை, ஏழு மணிக்கு விட்டுருச்சு. ஆலைப் புகை கூட அன்னைக்கு மேக்க வரல. 8.04ல இருந்து 8.20 வரைக்கும் வானம் கெடச்சது. மாப்பு கம்புல கட்டி உக்காந்து, ஆறுமீன்ல இருந்து இடது பக்கம் மெதுவா வந்தேன், மொத தடவை தாண்டிப் போயிட்டேன், திரும்பி வரும்போது ஓரக்கண்ணுல ஏதோ தட்டுச்சு. அக்கா சொன்ன அந்த ஊதுன ஆவிதான், நடுவுல கெட்டியா, மேல் பக்கம் கொஞ்சம் நீண்டுக்கிட்டு, சூரியன் எறங்குன பக்கத்துக்கு எதிர்ப் பக்கமா. பைனாகுலர அசைச்சுப் பாத்தேன், நட்சத்திரங்களோட சேந்தே நகந்துச்சு. கை நடுங்குனதுல மொத படம் கிறுக்கலா போச்சு, ரெண்டாவது படம் பரவால்ல, அஞ்சு நட்சத்திரம், நடுவுல ஒரு புள்ளி வட்டம். பாட்டிகிட்ட நேத்து ஒன்னும் சொல்லல, இன்னைக்கும் பாத்துட்டு சொல்லலாம்னு.

இன்னைக்கு மழை இல்ல, ஆனா மேகம் துண்டு துண்டா. பாட்டிய மோட்டர் சைக்கிள்ல ஒக்கார வெச்சு பாடாங்குக்கு கூட்டிட்டு வந்தேன், நாற்காலி, கொசு வத்தி எல்லாம் எடுத்துக்கிட்டு. 8.06க்கு நான் பாத்தேன், நேத்து வரைஞ்ச அஞ்சு நட்சத்திரமும் அங்கேயே இருக்கு, நடுவுல இருந்தது இல்ல. அது இடது பக்கம் மேல நகந்து, படத்தோட விளிம்ப தாண்டி வேற ரெண்டு நட்சத்திரத்துக்குப் பக்கத்துல நிக்குது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எழுதத் தெரியல.

பாட்டிக்கு வலது கண்ணுல ரெண்டு வருஷம் முந்தி புரை எடுத்தாச்சு, அந்தக் கண்ணுலதான் பாப்பாங்க. நான் ஒன்னும் சொல்லல, கம்ப மட்டும் புடிச்சுக்கிட்டேன். மொதல்ல கருப்பாதான் இருக்குன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு நட்சத்திரம் தெரியுதுன்னாங்க. ஓரமா பாருங்க பாட்டின்னு மட்டும் சொன்னேன், எந்த ஓரம்னு சொல்லல. ரொம்ப நேரம் பேச்சே இல்ல, அப்புறம், "ரெண்டு நட்சத்திரம் சோடியா இருக்கு, அதுக்குக் கீழ ஊதுவத்திப் புகை மாதிரி என்னமோ நிக்குது, அதுவா?"ன்னு கேட்டாங்க.

அதேதான். இன்னைக்கு நான் வரைஞ்ச படத்துலயும் அந்தச் சோடி நட்சத்திரத்துக்குக் கீழதான் இருக்கு.

கிந்தா அண்ணே, உங்களுக்காக: 27 ஏப்ரல், 10×50, நெலா இல்ல, மேகம் பாதி வானம், வெறுங்கண்ணுக்குத் தெரியல, பைனாகுலர்ல ஓரப்பார்வையில உறுதியா, நேர்ப்பார்வையில விட்டு விட்டு. பாட்டி 8.09ல இருந்து 8.13 வரைக்கும் பாத்தாங்க. 8.16க்கு மேகம் மூடிருச்சு. படம் ரெண்டையும் நாளைக்கு போட்டோ எடுத்துப் போடுறேன்.